மலாக்கா நீரிணையின் வடகரையில் சிறுபடகுப் பயணம்

பேராக் மாநிலத்தின் லுமுட்டில் தொடங்கி, பினாங்கு, கெடா கரைகளைத் தொட்டு, தாய்லாந்து எல்லையோரத்து லங்காவி வரை நீளும் கடல் மலாக்கா நீரிணையின் வடபகுதி. கரையோரமாகவே போனால் தூரம் ஏறத்தாழ 130 கடல் மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும். அந்தக் கணக்குப்படி மூன்று பகலில் கடந்துவிடலாம். ஆற்று முகங்களுக்குள் நுழைந்து, தீவுக்குத் தீவு நங்கூரம் போட்டு, காற்றும் ஏற்றவற்றமும் ஒத்துவரும் நேரம் பார்த்துப் போகிறவர்களுக்கோ ஒரு மாதமும் போதாது.

நீரிணை மொத்தம் 800 கிலோமீட்டர் நீளம். தெற்கே 65 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கி, வடக்கே 250 கிலோமீட்டருக்கு விரிந்து அந்தமான் கடலில் கலக்கிறது. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதைக் கடக்கின்றன. வடபகுதியில் அவை கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தொலைவில், நடுக்கடலில் போகின்றன. கரைக்கும் அந்தக் கப்பல் பாதைக்கும் இடையில் கிடக்கும் ஆழம் குறைந்த நீர்ப்பட்டைதான் சிறுபடகின் கடல். மலேசியத் தமிழரின் கடல் வரலாற்றில் பெரும்பகுதி நடந்ததும் இதில்தான். பெரிய கப்பல் ஒதுக்கிவிட்டுப் போகிற சேற்று முகத்துவாரங்களிலும் சின்னத் தீவுகளிலும் அந்த வரலாறு இன்னும் கிடக்கிறது.

இந்தக் கடலின் குணத்தை முடிவு செய்வது கடல் மட்டுமல்ல, அதற்குக் கிழக்கே நிற்கும் மலையும்தான். தித்திவாங்சா மலைத்தொடர் தீபகற்பத்தின் முதுகெலும்பாக வடக்குத் தெற்காக 480 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் நடுவில், பகாங் மாநிலத்து விளிம்பில் கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்த அந்த மேட்டு நிலத்தில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் தமிழ்த் தொழிலாளர்கள் காட்டை அழித்துத் தேயிலை நட்ட அந்தச் சரிவுகளில் கடல் வாடையே இல்லை. ஆனாலும் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வீசும் வாடைக்காற்று முதலில் மோதுவது இந்தத் தொடரில்தான். கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் அலை எழும்பி மீன்பிடிப் படகுகள் கரையேறிக் கிடக்கும் அதே நாட்களில், மலைக்கு மேற்கே லுமுட்டிலும் பினாங்கிலும் கடல் குளத்து நீர்போல் கிடக்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை எழும்ப இடமே இல்லை. பாய் விரிக்கப் போதுமான காற்று உண்டு, படகை ஆட்டும் அலை இல்லை. வருடத்தில் இந்த மாதங்களில்தான் வெளிநாட்டுப் படகுகள் இங்கே குவிகின்றன. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் பனியில் நடுங்கும் பருவம், கடலோடிகளுக்கு நல்ல பருவம்.

மலைக்கும் மேற்குக் கடலுக்கும் உள்ள உறவு காற்றோடு முடியவில்லை. கேமரன் மலையில் பெய்யும் மழை இயற்கையாகப் பெர்த்தாம், தெலோம் ஆறுகள் வழியே கிழக்கே இறங்கி, பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. 1963இல் ரிங்லெட் அருகே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த நீரில் பெரும்பங்கு மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக மேற்கே திருப்பப்பட்டு, மின்சாரம் எடுத்தபின் பேராக்கின் பத்தாங் பாடாங் ஆற்றில் விடப்படுகிறது. தேயிலைச் சரிவில் விழுந்த மழைத்துளி இன்று மலாக்கா நீரிணைக்கு வந்து சேர்கிறது. காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய மலைச்சரிவுகளின் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிட்ட கதை மலேசியாவில் எல்லாரும் அறிந்தது. அணையில் தங்காத வண்டலைப் பேராக்கின் எல்லா ஆறுகளையும் போல இந்த ஆறும் கடலுக்குக் கொண்டு வருகிறது. இந்தக் கரை சேறாக, தட்டையாக இருப்பதற்கும், சில இடங்களில் கடலுக்குள் நீண்டுகொண்டு போவதற்கும் அந்த வண்டல்தான் காரணம். பேராக் கரையில் இரண்டு மூன்று கடல் மைல் வெளியே இருக்கும்போதும் படகின் அடியில் நான்கைந்து மீட்டர் நீர் மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் காற்று திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா தீவு இந்தக் கடலுக்கு ஓரளவு மறைப்பாக நிற்கிறது. ஆனால் அதே தீவிலிருந்துதான் இந்தப் பருவத்தின் ஆபத்தும் வருகிறது. கடலோடிகள் அதைத் தீவின் பெயராலேயே ‘சுமத்ரா’ என்கிறார்கள். பகலில் சூடேறிய சுமத்ரா மலைகளின் மேல் திரளும் இடிமேகங்கள் இரவில் ஒரே வரிசையாக நீரிணையைக் கடந்து வரும். பெரும்பாலும் பின்னிரவில், இரண்டு மூன்று மணிக்கு வரும். முதலில் மேற்கு அடிவானத்தில் சத்தமில்லாத மின்னல். பிறகு காற்று சுத்தமாக நின்றுவிடும். படகுக்குள் புழுக்கம் தாங்காது. அந்த நேரத்தில் மழை வாசனையோடு ஒரு குளிர்ந்த வீச்சு முகத்தில் பட்டால், மிச்சமிருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மேல்தளத்தில் கிடக்கும் பாய், கயிறு, துணி எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். மணிக்கு நாற்பது கடல் மைல் வேகத்துக்கும் மேலாக மேற்கிலிருந்து அறையும் காற்று, முந்திய மாலை அமைதியாக இருந்த மேற்குப் பார்த்த குடாவைப் படகுக்குப் பொறியாக மாற்றிவிடும். நங்கூரம் பிடி விட்டால் பின்னால் கரைதான். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து மழை மட்டும் தொடரும். இந்தக் கடலில் அனுபவமுள்ளவர்கள் ஏப்ரல் முதல் நவம்பர் வரை தீவுகளின் கிழக்குப் பக்கத்தில்தான் இரவு தங்குவார்கள். மேற்குப் பக்கத்து மணல் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி, பகலில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

காற்றைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது ஏற்றவற்றம். நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். அந்தமான் கடலிலிருந்து உள்ளே வரும் ஏற்றம் தென்கிழக்காக ஓடும். வற்றம் வடமேற்காகத் திரும்பும். பெரிய ஏற்றத்தில் நீர்மட்டம் பினாங்கில் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீரிணை ஒடுங்குகிற கிள்ளான் துறைமுகப் பக்கம் அது நான்கு மீட்டரையும் தாண்டும். லுமுட்டிலிருந்து வடக்கே போகும் படகு வற்றத்தோடு புறப்பட்டால் மணிக்கு ஒரு கடல் மைல் சும்மா கிடைக்கும். ஏற்றத்தை எதிர்த்துப் போனால் அதே ஒரு மைல் இழப்பு. ஐந்து மைல் வேகத்தில் ஊர்கிற படகுக்கு ஆறும் நான்கும் வெவ்வேறு பயணங்கள். ஒன்றில் வெளிச்சம் இருக்கும்போதே நங்கூரம் போடலாம். மற்றதில் இருட்டில் சேற்று முகத்துவாரத்தைத் தேட வேண்டும்.

நங்கூரக் கணக்கும் இதையொட்டியதே. வற்றத்தில் நான்கு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஏற்றம் இரண்டரை மீட்டர் சேர்க்கும். நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் உயரம் ஒரு மீட்டர். மொத்தம் ஏழரை. அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும், அதாவது முப்பத்தெட்டு மீட்டர். பகலில் நிற்கும்போது இருபது மீட்டர் போதும்போல் தோன்றும். அப்படி நினைத்து விட்ட இருபது மீட்டர்தான் சுமத்ரா வந்த இரவில் படகைக் கரையில் தள்ளும். நல்லவேளையாக இந்தக் கரையின் சேறு கெட்டியானது. சரியாகப் பதிந்த நங்கூரம் எளிதில் பெயராது. காலையில் சங்கிலியை இழுக்கும்போது கண்ணிக்குக் கண்ணி சாம்பல் நிறச் சேறு அப்பிக்கொண்டு வரும். அதைக் கழுவுவது இந்தக் கடலில் பயணம் செய்வோரின் அன்றாட வேலை.

பாறையும் பவளத்திட்டும் குறைந்த இந்தக் கடலில் படகுகளை நிறுத்துவது பெரும்பாலும் வலைதான். கரையோரக் கடல் பாரம்பரிய மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. இழுவை மடிப் படகுகள் அதற்கு வெளியே தொழில் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே சிறுபடகு போகும் அதே நீர்ப்பட்டையில்தான் மிதவை வலைகளும் கிடக்கின்றன, சில ஒரு கிலோமீட்டருக்கும் நீளமாக. பகலில் மூங்கிலில் கட்டிய கறுப்புக் கொடி, இரவில் மினுக்கும் சிறு விளக்கு. இதுதான் வலையின் இரு முனைக்கும் அடையாளம். எந்தக் கொடிக்கு எந்தக் கொடி இணை என்பதைக் கண்டுபிடிப்பது தனித் திறமை. தவறினால் வலை படகின் சுழல்விசிறியில் சுற்றிக்கொள்ளும்; யாராவது கத்தியோடு நீரில் இறங்கி அறுக்க வேண்டும். அறுந்த வலை ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானம் என்பதை உல்லாசப் படகில் வருகிறவர்கள் பலர் நினைப்பதில்லை. இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது படகுக்கும் நல்லது, மீனவருக்கும் நல்லது.

இந்தக் கடலின் பேச்சில் தமிழும் மலாயும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மலாயில் கப்பலுக்குக் காப்பால் என்பது தமிழிலிருந்து போன சொல். படகாட்களின் தலைவனைக் குறிக்கும் தண்டிலும் நம் தண்டல்தான். மாலுமி என்பதும் மலாயின் மாலிம் என்பதும் ஒரே அரபுச் சொல்லின் இரண்டு குழந்தைகள். சம்பான் தமிழிலும் சம்பான்தான். ஒரே துறையில் ஒரே கயிற்றை இழுத்தவர்களிடம்தான் சொற்கள் இப்படிக் கைமாறும். இன்றைய படகுகளில் கண்ணாடியிழை உடல், டீசல் எஞ்சின், செயற்கைக்கோள் வழிகாட்டி எல்லாம் வந்துவிட்டன. வேலைகள் மட்டும் மாறவில்லை. பாயைக் காற்றுக்குத் தகுந்தபடி தளர்த்துவதும் இறுக்குவதும், ஆழம் பார்ப்பதும், இரவில் முறைவைத்து விழித்திருப்பதும் அன்றுபோலத்தான்.

வடக்கே போகும் பயணம் வழக்கமாகத் தொடங்குவது பங்கோர் தீவில். லுமுட்டிலிருந்து அரை மணி நேரப் படகுத் தூரம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான ஒடுங்கிய கடல் எல்லாப் பருவத்துக்கும் பாதுகாப்பானது. ஈயத்துக்காக வந்த டச்சுக்காரர்கள் 1670இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1874 ஜனவரி 20இல் பேராக்கில் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆட்சியைத் தொடங்கி வைத்த பங்கோர் உடன்படிக்கை இந்தத் தீவின் கரையோரம் நின்ற புளூட்டோ என்ற கப்பலில் கையெழுத்தானது. மலாயாவில் தோட்டங்கள் பெருகவும், அவற்றுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்க்கவும் வழி திறந்த அரசியல் மாற்றம் அங்கிருந்துதான் புறப்பட்டது. தோட்டத் தமிழருக்குப் பங்கோர் இன்று வேறொரு காரணத்தால் தெரிந்த பெயர். கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குப் பேராக் முழுவதிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். அன்று லுமுட் படகுத்துறையில் மஞ்சள் சேலையும் பால்குடமுமாக வரிசை நிற்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் பலர் வாழ்நாளில் படகேறுவது அந்த ஒரு நாளில்தான். படகு ஆடும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் பேரனின் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

பங்கோருக்கு வடக்கே கரை முழுவதும் மாத்தாங் அலையாத்திக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வெட்டி, திட்டமிட்டு நட்டுப் பேணப்படும் காடு இது. கரி எரிக்கும் சூளைகள் இன்றும் இயங்குகின்றன. சிறுபடகு இந்தக் காட்டின் ஆற்றுக்குள் நுழைந்தால் கடலின் ஆட்டம் அடங்கி, எண்ணெய் பூசியதுபோல் நீர் அசையாமல் நிற்கும். கூன்முதுகு ஓங்கில்கள் முகத்துவாரத்தில் மூச்சு விடுவது கேட்கும். மாலையில் மின்மினிகள் ஒரே மரத்தில் திரண்டு ஒன்றாக மின்னும். நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் கோலா செபெத்தாங், பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. 1885 ஜூன் 1இல் திறக்கப்பட்ட அந்த 13 கிலோமீட்டர்ப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். தண்டவாளம் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. அதில் நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர், ஒன்று தமிழ். அந்தப் பாதையைப் போட்டவர்களைப் பற்றி அங்கே ஒரு வரியாவது எழுதி வைக்கலாம்.

அங்கிருந்து பினாங்கு ஒரு பகல் ஓட்டம். தெற்கிலிருந்து வரும் படகு 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தின் அடியிலும், 1985இல் திறந்த முதல் பாலத்தின் அடியிலும் போக வேண்டும். சாதாரணப் படகின் பாய்மரத்துக்கு இரண்டும் போதிய உயரமே. இரண்டு பாலங்களுக்கும் நடுவில் இருக்கிறது ஜெரஜாக் தீவு. பினாங்குக்கும் அதற்கும் இடையிலுள்ள கால்வாய் சிறுபடகுகளுக்குப் பழக்கமான நங்கூரத் துறை. ஒரு பக்கம் வணிக வளாகங்களின் விளக்குகள், மறுபக்கம் இருண்ட காடு.

அந்த இருண்ட பக்கத்தில்தான் மலேசியத் தோட்டத் தமிழர் பலரின் தொடக்கம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளர் விடுதியாக இருந்த தீவு, பின்னர் கப்பலில் வரும் குடியேறிகளைத் தடுத்து வைக்கும் இடமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த தொழிலாளர்கள் கப்பலிலிருந்து சிறு படகுகளில் இங்கே இறக்கப்பட்டு, துணிகள் வேகவைக்கப்பட்டு, மருந்து நீரில் குளிக்க வைக்கப்பட்டு, நாட்கணக்கில் காத்திருந்தார்கள். அதன் பிறகே பெருநிலத்துக்கு, ரயிலுக்கு, தோட்டத்துக்கு. அவர்களை ஏற்றி வந்த கப்பல்களில் ஒன்றான, 1926இல் கட்டப்பட்டு 1974இல் உடைக்கப்பட்ட ரஜூலாவின் பெயர் இன்றும் தோட்டக் குடும்பங்களின் நினைவில் உண்டு. கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கிய 1929இல் இந்த வழி நன்றாக நடந்துகொண்டிருந்தது. 1938இல் இந்திய அரசு தோட்டவேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஜெரஜாக் பின்னர் காசநோய் மருத்துவமனையாகவும், 1969இல் சிறையாகவும் மாறி, 1993இல் சிறையும் மூடப்பட்டது. கட்டடங்களைக் கொடி மூடிக்கொண்டு வருகிறது. தீவின் ஒரு பகுதி விடுதிகளுக்கும் கேளிக்கைக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. தோட்டத் தமிழர் பலர் முதல்முதலாகக் கால் வைத்த கரை நினைவிடமாகப் பேணப்படாமல் இருப்பது பெரிய குறை. நங்கூரமிட்ட படகிலிருந்து பார்த்தால் அந்தத் துறை மிக அருகில் தெரிகிறது. நீந்திப் போய்விடும் தூரம்.

பினாங்கு நகரத்தின் கடல்முகம் அதற்கு முந்திய தலைமுறையைச் சொல்கிறது. நீராவிக் கப்பல்களுக்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து பாய்க்கப்பல்களில் வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும் படகோட்டிகளும் கூலியாட்களும் இங்கே நிலைத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது; கடலோடிகளைக் காப்பவர் என்று நம்பப்படும் நாகூர் ஆண்டகைக்குச் சூலியா தெருவில் ஒரு தர்கா. தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பகாங்கில் சிங்கமுகக் காளியம்மனுக்கு மாசி மகத்தில் கடலில் தெப்பம் மிதக்கிறது. விளக்குகள் ஏற்றிய அந்தத் தெப்பத்தைக் கரையிலிருந்து பார்ப்பதைவிட, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு படகிலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். மேளச் சத்தம் நீரில் வழுக்கிக்கொண்டு வரும்.

பினாங்குக்கு வடக்கே தட்டையான கெடா வயல்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கிறது ஜெராய் மலை, 1,217 மீட்டர். கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும் அது. திசைகாட்டி இல்லாத காலத்தில் கிழக்கு நோக்கி வந்த மாலுமிகளுக்கு இதுவே குறி. நாகப்பட்டினத்திலிருந்து தென்கிழக்காக வந்து, நிக்கோபாருக்குத் தெற்கே உள்ள வாயிலைத் தாண்டி, ஆறாம் அட்சக்கோட்டைப் பிடித்தால் முதலில் கண்ணில் படுவது இந்த மலைதான். பட்டினப்பாலை பேசும் காழகமும், சோழர் கல்வெட்டுகளின் கடாரமும் இந்தக் கெடாக் கரை என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியே போன சீனத் துறவி ஈசிங், கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாள் கப்பல் பயணம் என்று குறித்தார். ஏறத்தாழ 1,200 கடல் மைல் அது. இன்றைய சிறுபடகுக்கு நல்ல காற்றில் பத்து நாள். அன்றைய கலங்கள் பாரம் ஏற்றியவை. எதிர்க்காற்றில் ஏறத் தெரியாதவை. முப்பது நாள் நம்பத்தக்க கணக்கு. 1025இல் இராசேந்திர சோழனின் படை வந்ததும் இந்தக் கடலுக்குத்தான்.

கடாரத்தின் துறைமுகங்கள் இருந்த இடத்துக்கு மெர்போக் ஆற்றின் வழியே இன்றும் படகில் போகலாம், ஆழம் பார்த்துக்கொண்டு மெதுவாக. இரு கரையிலும் அலையாத்தி, கூண்டு மீன்வளர்ப்பு, வளைவுக்கு வளைவு ஜெராய் மலை இடம் மாறி நிற்கும். பூஜாங் பள்ளத்தாக்கில் 1936, 37இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டத் தொடங்கியதிலிருந்து கோயில் அடித்தளங்கள் பல வெளிப்பட்டன. சுங்கை பத்துவில் 2009க்குப் பின் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறை மேடைகளும் கிடைத்தன. அந்தத் துறை மேடைகள் இப்போது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு அருகில் நிற்கின்றன. ஒரு காலத்தில் கடல் ஜெராயின் அடிவாரம்வரை வந்து கிடந்தது. வண்டல் சேரச் சேரக் கரை மேற்கே நகர்ந்து, துறைகள் நிலத்துக்குள் போய்விட்டன. பேராக் கரையில் நங்கூரச் சங்கிலியில் ஒட்டிய அதே சேறுதான் கடாரத்தையும் மூடியது.

ஜெராயைத் தாண்டினால் நீர் தெளியத் தொடங்கும். சொங் சொங், பாயார் தீவுக்கூட்டங்கள் பினாங்குக்கும் லங்காவிக்கும் நடுவே உள்ளன. பாயாரைச் சுற்றிய கடல் 1987 முதல் பாதுகாக்கப்பட்ட பவளப் பூங்கா; அங்கே நங்கூரம் போடக் கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். பிறகு லங்காவி. 99 தீவுகள், மச்சின்சாங் மலையின் மணற்கல் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. டாயாங் புந்திங் தீவில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நன்னீர் ஏரி. கிலிமில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே புகுந்து போகும் நீர்வழிகளில் ஒரு படகு மட்டும் நிற்கும் அளவுக்கு ஒடுங்கிய இடங்கள். செம்பருந்துகள் தலைக்கு மேல் வட்டமிடும். நம்மவர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 1987இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, படகைப் பழுது பார்க்கவும் பொருள் நிரப்பவும் உலகெங்கிலுமிருந்து வரும் கடலோடிகளுக்கு இது தங்குமிடமாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி லங்காவியின் ரெபாக், தெலாகா படகுத்துறைகளை உடைத்தது. பினாங்கிலும் கெடாவின் கோலா மூடாவிலும் உயிர்கள் போயின. மலேசியா முழுவதும் இறந்தவர் 68 பேர். சுமத்ரா தீவு நடுவில் நிற்காவிட்டால் இந்தக் கரையில் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

இத்தனை படகுகளில் மலேசியத் தமிழரைக் காண்பது அரிது. 1990 முதல் நவம்பரில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை நடக்கும் ராஜா மூடா பாய்மரப் பந்தயத்திலும் அப்படித்தான். பாய்மரப் படகு விலையுயர்ந்த பொழுதுபோக்கு என்பது ஒரு காரணம். தோட்டங்கள் கடலிலிருந்து விலகி இருந்தது இன்னொன்று. மலையேறிய குடும்பங்களுக்குக் கடல் என்பது கடந்து வந்து முடித்த ஒன்று. ஆனால் வழி பணக்காரருக்கு மட்டும் இல்லை. கோலா செபெத்தாங்கிலும் மெர்போக்கிலும் மீனவர் படகை அரை நாள் வாடகைக்கு அமர்த்தலாம். மலாய், சீன மீனவர்கள் ஏற்றவற்றத்தின் நேரத்தை நாட்காட்டி பாராமல் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கடாரத்துக்குப் பேருந்தில் கூட்டிப் போவதைவிட ஆற்று வழியே கூட்டிப் போவது நல்லது. துறைமுகம் என்றால் என்ன என்பது நீர்மட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

லங்காவிக்கு வடக்கே கண்ணெதிரே தெரியும் தாருத்தாவ் தாய்லாந்துக்குச் சொந்தம். லங்காவியின் கூவா நகரில் துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் முத்திரை வாங்கிக்கொண்டு படகுகள் எல்லை கடக்கின்றன. இன்னும் இரண்டு மூன்று நாள் வடக்கே போனால் கிராபி. அங்கே குலோங் தோம் ஆற்றோரம் ஒரு சின்னக் கல் கிடைத்தது. தட்டான் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல், கையடக்கமானது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் பெரும்பத்தன் கல் என்று வெட்டியிருக்கிறது. காலம் மூன்று, நான்காம் நூற்றாண்டு. அதை வைத்திருந்த பொற்கொல்லன் வந்து இறங்கியதும் இதே கடலோரத்து ஆற்று முகம் ஒன்றில்தான். பெரிய கலம் வெளியே நின்றிருக்க, ஏற்றம் வரும் நேரம் பார்த்து, ஒரு சிறுபடகில் உள்ளே போயிருப்பான்.